துப்புரவு

பலாலி வீதியில் பல் வைத்தியரின் மேல்மாடி.
கீழே துளைபோடும் கருவி ஓய்கிற நேரங்களில்
மொழிபெயர்க்கிறேன்.
சொல்லுக்கு நாலு ரூபா,
ஆங்கிலச் சொல்லை எண்ணித்தான்.

இன்றைக்கு ஒரு கடிதம்.
மயிலிட்டிப் பக்கம் மூன்று பரப்புச் சொச்சம் காணி,
உரிமையாளர் திருமதி ஞானசௌந்தரி பேரின்பநாயகம்.
ஒரே வினைச்சொல் நாலு இடத்தில் நிற்கிறது:
கிளியர்.

தெரியாத சொல்லா?
காலையில் வங்கியில், செக் இன்னும் கிளியர் இல்லை என்றார்கள்.
காசாகவில்லை.
மகனின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு
லங்ஸ் கிளியர் என்றார் டொக்டர்.
நெஞ்சில் சளியில்லை.
மழை விட்ட வானத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்,
எங்களுக்கு வெளிச்சிட்டுது.
கூட்டத்தில் பேச எழும்புகிறவரின் தொண்டைக்கும் அதுதான்,
நாங்கள் செருமுவோம்.
ஒரே கத்தியால் பாணும் மீனும் வெட்டுகிற
தனியன் வீடு மாதிரி ஒரு பாஷை.

முதலாம் இடம்: கண்ணிவெடிகள்.
அகற்றப்பட்டன என்று எழுதினேன். சுகம்.

இரண்டாம் இடம்: பிரதேசம்.
பாதுகாப்புத் தேவைக்காகக் கிளியர் பண்ணப்பட்டதாம்.
எதை, எங்கே, யார்?
ஆங்கிலம் வாய் திறக்கவில்லை.
ஆட்கள் அகற்றப்பட்டனர் என்று எழுதிப் பார்த்தேன்.
இரண்டு வரிக்கு மேலே
வெடிக்குப் போட்ட அதே சொல்.
வெட்டினேன்.

மூன்றாம் இடம்: கட்டடங்கள்.
இடித்ததாகக் கடிதத்தில் இல்லை.
நான் எழுதினால் அது மொழிபெயர்ப்பு இல்லை,
சாட்சியம்.

நாலாம் இடத்துக்கு வரமுதல்
நாலரை மணிக்கு அவரே வந்துவிட்டார்,
கையில் ஹெல்மெட், பாடசாலை ஆய்வுகூடத்து அமில மணம்.
போன கிழமை காணியைப் பார்த்தாராம்.

கிணத்துக் கட்டு?
"துப்புரவா இல்லை."
மதில்?
"துப்புரவா. பூவரசை வச்சு எல்லை பிடிக்கலாமெண்டா
அதுவும் இல்லை. எங்க குசினி இருந்தது எண்டு
நானே ரெண்டு தரம் மாறி மாறி நிண்டனான்."

துப்புரவு.
கூட்டிக் கழுவினாலும் அதுதான்,
ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் அதுதான்.
என் வாயிலேயே கிடந்திருக்கிறது
அவர்களின் சிக்கனம்.

நாலு இடத்திலும் அதையே அடித்தேன்.
கண்ணிவெடிகள் துப்புரவாக்கப்பட்டன.
பிரதேசம் துப்புரவாக்கப்பட்டது.
கட்டடங்கள் துப்புரவாக்கப்பட்டன.
உரிமையாளரின் மேலதிகக் கோரிக்கைகள் யாவும்
இத்தால் துப்புரவாக்கப்பட்டன.
தமிழ் படித்த எவரும் முகம் சுளிப்பார்.

அவர் சுளிக்கவில்லை. நின்றபடி வாசித்தார்.
மூன்று தரம் தலையாட்டினார்.
கடைசி வரியில் விரலை வைத்தார்.
"இது பிழை."
கடிதத்தில் அப்படித்தான் இருக்கு.
"அப்ப கடிதம் பிழை."

கீழே கருவி திரும்பத் தொடங்கியது.
யாரோ ஒருவரின் சொத்தைப் பல்.
ஒப்பமிட வேண்டிய தாளை நாலாக மடித்து
ஹெல்மெட்டுக்குள் போட்டார்.
எவ்வளவு என்று கேட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு சொல்,
எண்ணூற்று நாற்பத்தெட்டு ரூபா.

தாள்களை எண்ணினார், பிறகு சில்லறையை.
மேசையில் எண்ணூற்று நாற்பத்துநாலு இருந்தது.
நான் சரி என்றேன்.