தா

கொழிஞ்சாம்பாறைக்கு அவள் வந்தது
தேங்காய் லாரியின் பின்பாதியில்.
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த போலீஸ்காரர்
"கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.
கடிக்காது.
இடது பின்னங்காலைத் தொட்டால்
ஆளைத் தூக்கி எறியும்.
அதை அவர் கேட்கவில்லை.

புண்ணாக்குக் கடைப் பாக்கிக்கு ஈடாக
என் தலையில் கட்டப்பட்ட செவலை.
ராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்பார்கள்.
என் அத்தா பிழைத்தது தையல் மெஷினில்.
எங்கள் வீட்டில் குதிரையைத் தொட்ட முதல் ஆள்
அநேகமாக நான்தான்.

ரேக்ளாவில் ஓடியவள்.
லாடம் அடிக்கும் நாளில்
நாலு பேர் கயிறு போட்டுச் சாய்த்து
ஒருவன் கழுத்தில் உட்கார்ந்து
"கால்! கால்!" என்று கத்திக்கொண்டே
ஆணியையும் அடித்திருக்கிறார்கள், அவளையும்.
விற்றவனே சொன்னான்,
அவள்மேல் புகார் சொல்லும் குரலில்.

எங்கள் ஊரில் தமிழ் எங்கே முடிகிறது
மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று
கறிக்கடைக்காரனுக்கும் தெரியாது.
கால் இரண்டிலும் கால்தான்.
எதில் கேட்டாலும்
அவளுக்குக் கேட்பது கயிறு.

முதல் வாரம் காலை நினைக்கவே இல்லை நான்.
தோளில் கை வைப்பேன்.
அவள் மூச்சு விட்டதும் எடுத்துவிடுவேன்.
அவ்வளவுதான் வேலை.
பருத்திக்கொட்டை வாங்க வந்த சுகந்தகுமாரி
"குதிரைக்கு மந்திரிக்கிறீங்களாக்கா?" என்றாள்.
கை தோளிலிருந்து விலாவுக்கு,
விலாவிலிருந்து தொடைக்கு,
தொடையில் தோல் துடித்தால் மறுபடி தோளுக்கு.
போன தூரத்தைவிடத் திரும்பிய தூரம் அதிகம்.

பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே விரல் போனது.
அப்போது வாயில் வந்த சொல்:
தா.
அதுவும் இரண்டு பாஷைக்கும் பொது.
ஆனால் யாரும் அதை
அவளிடம் சொன்னதில்லை போலும்.
ஒரு காது மட்டும் திரும்பியது.

ஆடி மாதம்.
கணவாய்க் காற்று பனங்காட்டுக்குள் புகுந்து
காய்ந்த ஓலையை மரத்தில் தேய்த்தது.
அரம் குளம்பில் உரசும் அதே சத்தம்.
இரவெல்லாம் அவள் கயிற்றைச் சுற்றி நடந்தாள்.
காலையில் நானே ஒரு பழைய அரம் வாங்கி,
அவள் கொள்ளு தின்னும் நேரம் பார்த்து,
தூரத்தில் உட்கார்ந்து ஒரு மட்டையைத் தேய்த்தேன்.
நாளுக்கு ஒரு முழம் கிட்டே வந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் கெடுத்தது நான்.
கடன் சங்கத்திலிருந்து போன்.
ஒரு காதில் வட்டிக் கணக்கு,
ஒரு கையில் அவள் கால்.
தகர வாளி நசுங்கியது.
என் இடுப்பாக இருந்திருக்கலாம்.
மறுநாள் மீண்டும் தோள்.

பட்டீசுவரன் பொள்ளாச்சியிலிருந்து
மொபெட்டில் வந்தார், குறடு, அரம்,
தோளில் வடக்கயிறு.
"கயிறு வண்டியிலேயே இருக்கட்டும்."
"எனக்கு உசிரு ஒண்ணுதாம்மா."
"எனக்கும்."
முன்னங்கால் இரண்டும் வெட்டித் தேய்த்தார்.
வலது பின்னங்காலுக்கு
ஒரு கொட்டாவிகூட விட்டாள்.
பிறகு அந்தக் கால்.
தா என்றேன்.
நடுங்கிக்கொண்டே தந்தாள்.

பாதி தேய்த்தாயிற்று.
நடுக்கம் நின்றது. தலை தாழ்ந்தது.
"விட்டுருங்க."
"இன்னும் நாலு இழுப்பும்மா, முடிஞ்சுரும்."
"இப்பத்தான் சும்மா நிக்கிறா.
இப்ப விட்டாத்தான் விட்டதா அர்த்தம்."
என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
நிரம்பிய டீ கிளாஸை வைப்பதுபோல்
அந்தக் குளம்பை மண்ணில் வைத்தார்.
காலுக்கு நூறு கூலி;
மூன்றரைக்கு வாங்கிக்கொண்டு போனார்.
மிச்ச அரைக்கு
அடுத்த செவ்வாய் வருவதாகச் சொன்னார்,
வருவாரோ என்னவோ.

ராத்திரி கரண்ட் இல்லை. ஓலை உரசிக்கொண்டே இருந்தது.
டார்ச்சோடு போனேன்.
நின்றபடி தூங்குகிறாள்.
மூன்று காலில் உடம்பை நிறுத்தி
இடது பின்னங்காலை மடக்கி,
பிசிறு போகாத அந்தக் குளம்பின் நுனி மட்டும்
தரையைத் தொட.

நான் கேட்கவில்லை.
டார்ச்சை அணைத்தேன்.