நேரடிப் பாதிப்பு: இல்லை

நைவாஷாவில் அன்று வானம்
கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஒரு துகள் சாம்பல்கூட இல்லை.

எங்கோ வடக்கில்
மேலாளருக்கும் வாயில் நுழையாத பேருள்ள மலையொன்று
புகைகிறதாம்.
அங்கே செம்மறிகளின் முதுகு கறுத்தது.
அது நேரடி. யாருக்கும் புரியும்.

பிறகு விமானங்கள் எழவில்லை.
பிறகு குளிர்கிடங்கில் இடமில்லை.
நான்காம் நாள்
ரோஜாக்களை லாரியில் அள்ளி
ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டினார்கள்,
காம்பில் ரப்பர் வளையம் கழற்றாமலே.
அதற்கும் பிறகுதான்
கத்தரியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்
நெகேசாவிடம்.

எய்தவனும் தெரியவில்லை
அம்பும் தெரியவில்லை.
யாரை நோவது?

நிவாரணப் படிவத்தில் ஒரு கட்டம்:
நேரடிப் பாதிப்பு உண்டா?
எழுத்தர் பராசா அவள் கைகளைப் பார்த்தான்.
முள் கிழித்த பழைய தழும்புகள்.
"இது மலை செய்ததில்லையே"
என்றபடி
இல்லை என்று நிரப்பினான்.
கையெழுத்து அழகாக இருந்தது.

வாடகை கேட்டு வந்துபோகும் வீட்டுக்காரியின் ஆடு
மூன்று நாளாய்ப் பள்ளத்தில்
ரோஜா மேய்கிறது.

அவளிடமே கடன் சொல்லி வாங்கிய
அரைக் குவளைப் பாலை
முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தான் மகன்:

"அம்மா,
இதில் உன் வாசனை அடிக்குது.
நீ வேலைக்குப் போய் வந்த
நாள்களின் வாசனை."