ஏழாம் நம்பர் சீலை

கோட்டை வாசலில் ஆமிக்காரன் பையைக் கிண்டி முடிய
மான்கள் படுத்திருக்கிற ஆலமரத்தைத் தாண்டினால்
மூன்றாவது தகரக் கொட்டில் என்னுடையது.
சீலை வாடகைக்கு. இரண்டு மணித்தியாலம், ஆயிரத்து ஐந்நூறு.
கிழிந்தால் பேசித் தீர்க்கலாம்.
மான் தின்றால் முழுக்காசு.

மொத்தம் பதினொரு சீலை, நம்பர் குத்தியிருக்கிறேன்.
கோணேசரைப் பார்க்க அரைக்காற்சட்டையோடு வந்து
கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.
ஐந்து நிமிடத்தில் அவர்களை
யாரோ ஒருவரின் சித்தியாக்கி மேலே அனுப்புவேன்.

வெள்ளிக்கிழமை வந்தவள் பெயர் சிஹாரு.
விரித்த சீலையின் பூவைப் பார்க்கவில்லை;
கரையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.
அப்போதே எனக்குத் தட்டியது:
இது உடுக்கிற கை இல்லை,
உடுத்திவிடுகிற கை.

நான் சொல்லமுதலே கைகளை விரித்து நின்றாள்.
நாலு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கொய்யகம் மடிக்கக் குந்தினேன்.
மேலே சிரிப்புச் சத்தம்.
தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்,
கயிறு கடித்து இழுப்பதுபோல.

அவள் போனுக்குச் சொல்ல, போன் எனக்குத் தமிழில் சொன்னது:
"நான் கனசாவாவில் கிமோனோ வாடகை.
ஒரு நாளைக்கு முப்பது முதுகு."

முப்பது முதுகு.
போன் பிழைவிட்டதோ தெரியாது.
என் தொழிலை இதைவிடச் சரியாக
ஒருவரும் சொன்னதில்லை.

பழைய மரவீடுகள் உள்ள தெருவாம்.
உடுத்திக்கொண்டு அதில் நடக்கத்தான் வருவார்களாம்.
எட்டி எட்டி வைப்பார்களாம், மடிப்பு விரியுமாம்.
இங்கேயும் என்றேன்.

இடப்பக்கம் மேலே வரவேண்டுமாம்.
வலப்பக்கம் மேலே வந்தால்
அது பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.
"ஆனால் எல்லாரும் செல்பி எடுக்கிறார்கள்.
போனுக்குள் இடம் வலமாகிறது.
நாளொன்றுக்கு முப்பது பிணம் சிரிக்கிறது."

இதையும் அந்தப் போன்
பஸ் நேரம் சொல்கிற குரலில்தான் வாசித்தது.

என் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தேன்.
அதற்குள் அவளுடைய முந்தானை
வலத்தோளில் கிடந்தது,
செத்தவீட்டில் பூணூல் மாறுகிற மாதிரி.
ஒன்பது வருஷமாக அது அங்கேதான் தொங்குகிறது.

ஆடிமாதக் கச்சான்.
மலையில் போனவர்களெல்லாம்
சீலையைப் பாய்போல விரித்துக்கொண்டு இறங்கிவர
இவள் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்தாள்.
கொய்யகம் குலையவில்லை.
நான் தேடிப்பிடிக்க முதல் அவளே காட்டினாள்:
உள்மடிப்பில், தேங்காய்த் தண்ணி, ஒரு சொட்டு.

காசை வைத்துவிட்டுப் போகவில்லை.
ஒரு விரலால் என்னைத் திருப்பினாள்.
ஏழாம் நம்பரை, அவள் சூடு ஆறமுதல்,
நீளவாக்கில் நாலாக மடித்து
என் சல்வாருக்கு மேலே இரண்டு சுற்று;
முழங்காலை முதுகில் ஊன்றி ஒரு இழுவை.
"மூச்சு" என்றது போன்.

சாமத்திய வீட்டுக்குப் பிறகு
என்னை ஒருவரும் உடுத்திவிட்டதில்லை.
கலியாணத்துக்கு நானேதான் உடுத்தேன்,
பதிவுக் கந்தோரின் கக்கூசில்,
கதவை ஒரு காலால் பொத்திக்கொண்டு.

முதுகில் என்ன கட்டினாள் என்று தெரியவில்லை.
வண்ணத்துப்பூச்சி என்றான் கச்சான் விற்கிற ஜெகரூபன்.
குருநாகலில் இருந்து வந்த ஒரு குடும்பம் நின்று
இது எவ்வளவு என்று சிங்களத்தில் கேட்டது.
இன்னும் விலை போடவில்லை என்றேன்.
அதற்குள் அவளுடைய ஓட்டோ
கோட்டை வாசலைத் தாண்டிவிட்டது.

ஐந்தரைக்குக் கொட்டிலைப் பூட்ட நினைத்து
கையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். எட்டியது.
அவிழ்க்கவில்லை.

கொப்பியில் எழுதினேன்:
ஏழு. வெளியே: நாலு பத்து.
பெயர்: ரூபவதனி. பிணை: இல்லை.
திரும்பியது:

சாம்பல்தீவு பஸ்ஸில் யன்னல் சீட் கிடைத்தது.
சாயாமல் இருந்தேன்.