லைட்டு எரியுது

காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும்
எதிரே வருகிற எல்லோருக்கும்
என்மேல் அக்கறை வந்துவிடும்.
ஐந்து விரலையும் குவித்து விரித்து
குவித்து விரித்து
வெயிலைப் பிசைந்து காட்டுவார்கள்:
லைட்டு எரியுது, லைட்டு எரியுது.
புல்லுக்கட்டோடு எக்ஸெல்லில் போகிறவர்,
பஸ் சன்னலோரப் பையன்,
ஒருமுறை சவ ஊர்வலத்தில் சங்கு ஊதியவர்கூட
சங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு.

எரியட்டும்.

பின்னால் முப்பது மூட்டை பூம்பாறைப் பூண்டு.
நாளை வடுகபட்டிச் சந்தை.
காலையில் பெருமாள்மலை திரும்பும்போது போட்ட விளக்கு
மூட்டை இறங்கும்வரை அணையாது.

மெக்கானிக் இக்னேஷியஸ் இதற்காகவே
என்னை நிறுத்தி டீ வாங்கித் தருவான்.
'பகல்ல எரியிற லைட்டு
கல்யாணம் முடிஞ்சு வர்ற பத்திரிகை' என்பான்.
பேட்டரிக் கணக்குச் சொல்வான்.
பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்சம் நிஜமாகவே கேட்பான்:
'எல்லாரும் போட்டுக்கிட்டா
எவன் தெரிவான்?'

இப்போது வருகிற பைக்குகளில்
அணைக்கும் சுவிட்சே கிடையாது.
எங்கள் பேச்சை யாரோ
எங்களைக் கேட்காமலே முடித்து வைத்திருக்கிறார்கள்.

ஊத்து தாண்டினால் மேகம் இறங்கும்.
மணி பதினொன்றுதான் இருக்கும்.
அந்த வெள்ளைக்குள் முன்விளக்கு
எனக்கு ஒன்றையும் காட்டாது.
ஹைபீம் போட்டால்
சுவர் இன்னொரு கோட் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும்.
நான் பார்ப்பதற்கு இல்லை அது.
இங்கே ஒரு ஆள் வருகிறான்
என்று சொல்வதற்கு.
இதை நான் இக்னேஷியஸிடம்
எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை.
டம்டம் பாறைக்குக் கீழே மூன்றாவது வளைவு.
எதிரே இரண்டு மஞ்சள் பொட்டு:
வத்தலக்குண்டு பஸ்.
பொட்டின் அகலம் பார்த்து, தூரம் போட்டு,
இடப்பக்கம் ஒதுங்கினேன்.
சரியான கணக்கு.
அதில் தவசியாண்டி இல்லை.

நெடுஞ்சாலைத் துறை, அரிவாள்,
உண்ணிச்செடி வெட்டிக்கொண்டிருந்தவன்.
மேகத்தின் நிறத்திலேயே ஒரு ஸ்வெட்டர்.
ஏதோ காவாய்க்குள் விழுகிற சத்தம் கேட்டுத்தான்
பிரேக்கில் கால் வைத்தேன்.

இறங்கிப் போனபோது
வசவுக்குத் தயாராக இருந்தேன்.
அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.
ஒன்று கிடைத்தது.
அரிவாளும் கிடைத்தது.
'லைட்டு தெரிஞ்சுதுண்ணே, அதான் குதிச்சேன்' என்றான்.
இன்னொரு செருப்பும் கிடைத்து
மண்ணைத் தட்டி மாட்டிக்கொண்ட பிறகு
விலை கேட்பதுபோல் கேட்டான்:
'ஒங்களுக்கு நான் தெரியலியா?'

பஸ் எப்போதோ போயிருந்தது.
என் இண்டிகேட்டர் மட்டும்
டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

தெரியவில்லை.
எத்தனை மாதமாகவோ
நான் விளக்குகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.
எரியாததெல்லாம் ரோட்டில் இல்லை எனக்கு.
காட்டுமாட்டுக்கு பல்பு ஏது?
சாய்ந்து கிடக்கிற யூக்கலிப்டஸ் மரத்துக்கு,
சௌசௌ மூட்டையோடு ஓரமாக
நடந்து போகிற பெண்களுக்கு?

இதை மட்டும் இக்னேஷியஸிடம் சொல்லவில்லை.
பாதி ஜெயித்துவிடுவான்.
மீதிப் பாதி, காவாய்க்குள் குதித்த பாதி, என்னுடையது.
இரண்டையும் சேர்த்து வைத்தால்
முழுசாகவும் வரமாட்டேனென்கிறது.

இப்போதும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.
அந்த வளைவில் செகண்ட் கியர், ஹாரன்,
கண்ணாடியை இறக்கி
கொஞ்சம் காதாலும்.

நேற்று தேவதானப்பட்டிக்கு இந்தப் பக்கம்,
சுள்ளென்ற வெயில்,
ரோட்டோரப் புளியமர நிழலில்
கறுப்புக் குடையோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்.
நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
விரல்களைக் குவித்து விரித்தாள்,
குவித்து விரித்தாள்.

கை அசையாமல் இருந்திருந்தால்
அங்கே எனக்கு
நிழல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.