பன்னிரண்டாம் பக்கத்துப் பென்சில்

எங்கள் தீவில் ஏழு கார்கள், ஒரே சாலை.
நான்கு கிலோமீட்டர் போய்க் கடலைக் கண்டதும்
மனம் மாறித் திரும்பும் சாலை.
அதனால்தானோ என்னவோ
ஃபாரோவில் இந்தக் கோடியில் இருக்கும் எங்களுக்கு
கெர்டா வின்தெரைப் பிடித்துப்போனது.
டேனிஷ் நகரமொன்றில் ஓட்டுநர் உரிமத் தேர்வாளர் அவள்.
பெரிய கைப்பை, தீராத ஜலதோஷம், துப்பறியும் ஆசை.
பாலாடைக்கட்டி வியாபாரியைக் கொன்றது யாரென்று அறிய
சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராய்க் காரில் ஏற்றி
ரிவர்ஸில் நிறுத்தச் சொல்கிறாள்.
பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டும் மனிதனால்
அதே நேரத்தில் பொய்யும் சொல்ல முடியாதாம்.

நூலகம் என்பது மூடிய பள்ளியில் ஓர் அறை.
செவ்வாய் மாலை, ஒரு ஹீட்டர், நான்.
புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள்
கருத்தையும் சேர்த்தே மேசையில் வைப்பார்கள்,
ஈரக் கையுறையைப் போல.

மாரியுன் சொன்னாள்: சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்தது.
நிஜத் தையல். பித்தப்பை ஆபரேஷன்.
டாக்டர் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டாராம்.

யாகுப்புக்குச் சிரிப்பே வரவில்லை.
'நூற்றுப் பத்தாம் பக்கத்தில் படகை அவிழ்க்கிறானே,
ஈரம் ஏறிய அந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது,
அறுக்கத்தான் வேண்டும்.
மூன்று ராத்திரி தூங்கவில்லை நான்.'

ஆடு வளர்க்கும் தும்மாஸ்: 'பரவாயில்லை.'
தன் கல்யாணத்தன்றும் அதையேதான் சொன்னார்.

சோல்ருன் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவள்.
'கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால்தானே
மற்றவர்களோடு நிம்மதியாகப் பழகலாம்?'
அவள்தான் கண்டுபிடித்தாள்,
பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்தது பொய் என்று:
'போதகர்தான் கொன்றார்.'

அதை நம்பி
ஐந்து பேர் இருநூறு பக்கம் படித்திருக்கிறார்கள்.
கதையில் அந்த அப்பாவி சர்க்கரை கேட்டால் விஷத்துக்கு என்றும்
குனிந்தால் கத்தியை எடுக்க என்றும் நினைத்திருக்கிறார்கள்.
அவர் குனிந்தது ஷூ கயிற்றைக் கட்ட.
(உண்மையில் கொன்றது யாரென்று
இங்கேயும் சொல்லமாட்டேன். நான் நூலகர்.)

எழுதிய கை யாருடையது?
இரவல் அட்டையில் ஆறு பெயர்கள்.
என்னிடம் கார் இல்லை.
ஆகவே அலமாரியை நகர்த்த உதவி கேட்டேன்,
வாரத்துக்கு ஒருவராக.
கனம் தூக்குகிறவனுக்கும் பொய் வராது என்பது என் ஊகம்.
யாகுப் முடிச்சைப் பற்றியே பேசினார்.
மாரியுன் தையலைக் காட்டி மறுத்துவிட்டாள்.
தும்மாஸ் தூக்கினார்: பரவாயில்லை.
அலமாரி இப்போது கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆறாவது பெயர், ஆறு வாரத்துக்கொருமுறை
காற்று அனுமதித்தால் படகில் வருபவர்:
போதகர் ஏயுன்.
ஆர்கன் வாசிப்பவளுக்குப் பாட்டு எண்களை
மெத்துப் பென்சிலால் எழுதித் தருவார்.
அந்த ஒன்றும் இரண்டும் எனக்குத் தெரியும்,
தூண்டில் முள்ளும் வாத்துமாக.

அலமாரியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில்.
கேட்டேன்.
இறக்கி வைக்கவில்லை. மூச்சு வாங்கச் சொன்னார்:
'பதினோரு பேர் வருகிறீர்கள்.
பிரசங்கத்தின்போது யாகுப் ஜன்னல் வழியே தன் படகைப் பார்ப்பார்.
சோல்ருன் கடைசிப் பாட்டை முதலிலேயே எடுத்து வைத்திருப்பாள்.
இந்த வசந்தத்தில்தான், பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக,
நான் குனிந்தால் பதினோரு பேரும் கூடவே எட்டிப் பார்த்தீர்கள்.
திராட்சரசக் கிண்ணத்தைத் தூக்கியபோது
யாரும் இருமக்கூட இல்லை.'

ரப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நேற்றைய படகில்
கெர்டாவின் இரண்டாம் புத்தகம் வந்தது.
இம்முறை பிணம் ஒரு சலூன்காரர்.
சந்தேகப் பட்டியலில் நூலகர் ஒருத்தி இருக்கிறாள்,
நரைத்தவள், செவ்வாய்க்கிழமைகளில் தனியாக இருப்பவள்.
பன்னிரண்டாம் பக்கம் வரை வந்துவிட்டேன்.
பென்சில் சீவித்தான் இருக்கிறது.