மேற்படி

வழக்கு பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது,
அதாவது, அடுத்த மாதம் பத்தொன்பதுக்குப் போய்விட்டது.
ஊருக்குள் போகிற டவுன் பஸ் ஐந்து நாற்பதுக்கு.
நடுவில் கிடக்கும் பகலை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கிருஷ்ணகிரியில் நடக்க ஆரம்பித்தேன்.

"பாக்குறதுக்கு இங்க என்னம்மா இருக்கு,
மாங்கா மண்டி, அத விட்டா மலை"
என்றார் வக்கீல் குமாஸ்தா.

ஸ்டுடியோ கண்ணாடிக்குள் ஒரு மணமகள்.
வெயில் அவளுடைய சிவப்பை முழுக்கத் தின்றிருந்தது.
நீலக் குங்குமம், நீலச் சிரிப்பு.

அடுத்த கதவு பிளக்ஸ் கடை.
தரையில் விரித்திருந்தார்கள்
ஒரு காதணி விழாவையும் ஒரு கண்ணீர் அஞ்சலியையும்.
இரண்டுக்கும் பின்னால் அதே மேகம்.
பிளேடோடு குந்தியிருந்த பையன் ஓரம் வெட்டினான்,
இறந்தவரின் மீசையில் கால் படாமல்.

மண்டி வாசலில் அட்டைப்பெட்டிகள்.
எல்லாவற்றிலும் அச்சடித்த ஒரே மாம்பழம்.
உள்ளே இருந்த எதுவும் அதைப்போல இல்லை.

அருங்காட்சியகத்தில் மின்விசிறியும் நானும்.
சுவரோரம் நடுகற்கள்:
புலியைக் குத்தியவன், ஆநிரை மீட்கப் போய்
உடம்பெல்லாம் அம்போடு நிற்பவன்.
மாடு பிறகு யார் கொட்டிலுக்குப் போனது
என்பதைக் கல் சொல்லவில்லை.
(எனக்கு இப்போதெல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன.)

பதிவேட்டை நகர்த்தினார் காவலர்.
பெயர், ஊர், நேரம், கருத்து.
எனக்கு முந்தைய வரியில்
பா. திம்மராயன். எங்கள் ஊர். பதினொன்று ஐம்பது.
கருத்து: நண்று.
மூன்று சுழி.
பள்ளிக்கூடத்தில் அத்தனை அடி வாங்கியும் திருந்தாத ண்.

எதிர்த்தரப்பு. என் தம்பி.

ஊர் என்ற இடத்தில் மேற்படி என்று எழுதினேன்.
கருத்து என்ற இடத்திலும் மேற்படி.
இரண்டு வக்கீல்களும் மனுவில்
ஆளுக்கு நாற்பது தடவை எழுதிய சொல்.

பைபாஸ் தாண்டினால் கிரானைட் கடைகள்.
கூரையில்லாத கூடங்கள்.
இரும்புச் சட்டங்களில் சாய்ந்து நிற்கும் பலகைகள்,
ஆளை விட உயரம்,
மூலையில் சாக்பீஸில் எண்ணும் சதுர அடியும்.
தூசிக்குள் எல்லாம் ஒரே சாம்பல்.

சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட நாகரத்தினா
"வூடு கட்றீங்களா?" என்றாள்.
ஆமாம் என்றேன். கோர்ட்டில் பேசவே விடவில்லை,
அன்றைக்கு என் முதல் பொய் இதுதான்.
பெயின்ட் டப்பாவில் தண்ணீர் மொண்டு வீசினாள்.

கல் விழித்தது.
இளஞ்சிவப்பு. அதற்குள் ஒரு கறுப்பு ஆறு,
வளைந்து, ஓரிடத்தில் தயங்கி, கிளை பிரிந்து.
எவரும் கையெழுத்துப் போடாத படம்.
"பக்கத்துலயும் பாருங்க"
வீசினாள்.
அதே ஆறு எதிர்த்திசையில் வந்தது.

ஒரே பாறை. நடுவில் ரம்பம்.
"ஜோடியா எடுத்தாத்தான் அளகு.
தனித்தனியாவும் குடுப்போம்."

ரம்பம் எவ்வளவு கல்லைத் தின்னும் என்று கேட்டேன்.
கடைக்குப் பின்னால் கை காட்டினாள்.
மாவு மாதிரி வெள்ளையாய் ஒரு குன்று.
அதற்கு யாரும் சதுர அடி போடுவதில்லை.

நான் உவமை தேடி நடக்கவில்லை, சத்தியமாக.
கால் வலித்தது. குடை கொண்டுவரவில்லை.
படம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.
"இன்னொருக்கா ஊத்தட்டா?"
ஊத்தச் சொன்னேன், மூன்று தடவை.
வாங்கப்போவதில்லை என்று
இரண்டாவதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.
ஊத்தினாள்.

ஐந்து நாற்பது பஸ்ஸில்
டிரைவருக்குப் பின்னால் அவன்,
ஜன்னல் பக்கம் திரும்பி மலை பார்க்கிறவனாக.
கடந்து போகும்போது குனிந்தேன்.
செருப்பு வாரில், கால் விரல் இடுக்கில்,
அதே வெள்ளை மாவு.

எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு.
அவன் ஐம்பது ரூபாய் நீட்டினான்.
மீதியை இறங்கும்போது வாங்கிக்கச் சொன்னார் கண்டக்டர்.
அதை எப்போதுமே மறக்கிறவன் அவன்.

எங்கள் நிறுத்தம் வரைக்கும்
எனக்கு அது ஞாபகத்தில் இருந்தது.