பதினான்காம் வினா

கேள்வித்தாள் பெங்களூரிலிருந்து தபாலில் வந்தது.
இருபத்தோரு வினா.
"கடந்த இரு வாரங்களில் சோர்வாக உணர்ந்தீர்களா?"
என்று பெயர்த்து எழுதி
ரோனியோ மை காயுமுன்னே
முக்கூடல் பஸ் ஏறினேன்.
எண்பத்தேழு, அக்கினி நட்சத்திரம்.
கண்டக்டர் கேட்டார்: மனசப் படிக்கிற படிப்பாமே,
எம் மனசுல என்ன இருக்கு?
சில்லறை இல்லை, என்றேன்.

முப்பிடாதி மடியில் சொளவு.
இலைக்குள் தூள், ஒரு சுருட்டு, மஞ்சள் நூல்,
நுனியை நகத்தால் மடக்கி
தலை நிமிராமல் சொன்னாள்:
"ஆயிரம் சுத்துனா சோர்வு வரும்லா.
இதக் கேக்கவா இம்புட்டுத் தொலவு வந்திய?"

அப்போ மனசுக்கு?

"மனசுக்கு வெப்ராளம்.
விடியக்காலம் மூணு மணிக்கு
வாசல்ல யாரோ நிக்க மாதிரி இருக்கும்.
எந்திச்சுப் போய்ப் பாத்தா
நான்தான் நிப்பேன்."

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
பெங்களூரின் பதினான்கை அடித்துவிட்டு
அந்த இடத்தில் இதை வைத்தேன்.

இன்னொரு நாள் கண்ணாடிக் கருவியைச்
சாக்குப் பையில் சுமந்து போனேன்.
நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து
பென்சிலால் சுற்றிவர வேண்டும்.
என் மாணவிகள் முக்கி முனகி மூன்று நிமிடம்.
அவள் நாற்பத்திரண்டு நொடி, ஒரு பிழை இல்லை.
எப்படி என்றேன்.
"கண்ணாடிய யாரு பாத்தா?"

முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம்.
எண்கள் வந்தன.
பதினான்கு எதனோடும் சேரவில்லை,
எந்தக் காரணியிலும் ஏறவில்லை.
வெப்ராளம் எந்த அகராதியில் இருக்கிறது
என்றார் நெறியாளர், சிகரெட்டைத் தட்டியபடி.
கழித்துவிடலாம், எமீமா.

கழிப்பது என்றால் என்னவென்று
முக்கூடலில் பார்த்திருந்தேன்.
கடைக்காரர் கட்டைப் பிரிப்பார்,
இது சொத்தை, இது கட்டை என்று ஒதுக்குவார்.
ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது.
திருப்பியும் தரமாட்டார்.

இருபது வினாவோடு முனைவர் ஆனேன்.

பிறகு நேர்காணல். மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர்.
கல்யாணம்?
இல்லை.
ஆகவில்லையா, வேண்டாமா?
எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண்
என்று அவர்களும் சொல்லவில்லை.
வேலை கிடைத்தது. விறகு அடுக்கியிருந்த அறையை
ஆய்வகம் என்று தந்தார்கள், கதவில்
பெயர் எழுத பெயிண்ட் நானே வாங்கினேன்.
பாளையங்கோட்டையில் பதினோரு வருடம்,
அபிஷேகப்பட்டியில் மீதி.
துறைத்தலைவர் பதவி சுழற்சி முறை என்றார்கள்.
மூன்று தரம் என்னருகே வந்து
மூன்று தரமும் சுழன்றே போனது.
மூன்றாவது தரம் அமர்ந்தவருக்கு
ஆய்வேடு திருத்தித் தந்தது நான்.
அதைப் பெரிதாகச் சொல்லவில்லை,
ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

இப்போது அந்த இருபதும்
ஆஸ்பத்திரிகளில் ஓடுகின்றன.
என் பெயரின் முதலெழுத்தோடு, அச்சில்.
ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வசதி என்கிறார்கள்.

மே முப்பத்தொன்று. பொன்னாடை, பூந்தி, மிக்சர்.
அலமாரியைக் காலி செய்கையில்
முந்நூற்றுப் பன்னிரண்டு தாளும் கிடைத்தன,
பீடி நூலில் கட்டியபடியே.
பதினான்கில் ஆம் என்றவர்கள் நூற்று நாற்பது.
நூற்று நாற்பது பேர்
எதனோடும் சேரவில்லை.

நேற்று மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
வாசல் விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.
எழுந்து கதவு வரை போனேன்,
தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

முப்பிடாதி,
முப்பத்தாறு வருடம் வினா செய்தவள்
உன்னிடம் அடுத்த வினாவைக் கேட்கவே இல்லை:
நீதான் நிற்கிறாய் என்று தெரிந்தபின்
உள்ளே கூப்பிட்டாயா?